வானத்திலிருந்து விழுந்த கல்

சில வருடங்களுக்கு முன்னர் உயர்தர வகுப்பிலே புறநானூற்றின் 229ஆவது பாடலைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வானத்து மீனொன்று எரிந்து விழக் கண்ட கூடலூர் கிழார், தம் அரசனுக்குத் தீங்கு நேருமென்று அஞ்சுகிறார். ஏழாம் நாள் சேரமான் இறந்தும் விடுகிறான். "சேர், உண்மையாகவே அப்படி விழுந்திருக்குமோ?" என்று கேட்டான் ஒரு மாணவன். "அது கவிதை மரபு தம்பி, சோதனைக்குரியதைப் படியும்" என்று அவனை இருத்திவிட்டேன். என் விடை பிழையென்று பின்னர் எனக்கு உணர்த்தியது, கிரேக்க வரலாற்றிலே வரும் ஒரு கல்.

கி.மு. 467 அளவில், டார்டனெல்ஸ் நீரிணையின் ஐரோப்பியக் கரையிலுள்ள ஈகோஸ்பொட்டாமியில் பட்டப்பகலில் அக்கல் விழுந்தது. வண்டிப் பாரமளவு பெரியது, எரிந்த நிறமுடையது, தம் காலத்திலும் மக்களுக்குக் காட்டப்பட்டது என்று, ஐந்து நூற்றாண்டுகளின் பின் உரோமரான பிளினி எழுதினார். அதே இடத்தில் கி.மு. 405இல் ஸ்பார்ட்டாவின் லைசாண்டர் ஏதென்சின் கடற்படையை அழித்தான். அந்த அழிவை அறிவிக்கவே கல் விழுந்தது என்றனர் சிலர். இடையே அறுபது வருடங்களுக்கு மேல் கழிந்திருந்ததை அவர்கள் பொருட்படுத்தவில்லை.

ஏதென்சில் வாழ்ந்த அனக்சகோரஸ் என்ற தத்துவஞானியோ வேறு விதமாகச் சிந்தித்தார். சூரியன் தெய்வமன்று, எரியும் பிழம்பு. விண்பொருள்கள் சுழற்சியினால் மேலே நிற்கும் கற்கள். பிடி தளர்ந்தால் விழும் என்பது அவர் கொள்கை. தெய்வநிந்தனைக் குற்றம் சுமத்தப்பட்டு அவர் ஏதென்சை விட்டு நீங்க நேர்ந்தது. அரிஸ்டோட்டிலும் பின்னர், காற்றுத்தான் அக்கல்லைத் தூக்கி வந்து போட்டது என்றார்.

வானத்திலிருந்து கல் விழாதென்ற எண்ணம் நெடுங்காலம் நிலைத்தது. பதினெட்டாம் நூற்றாண்டிலும் கல் விழுந்ததைக் கண்டோம் என்ற குடியானவர்களைக் கற்றோர் பலர் எள்ளி நகையாடினர். 1794இல் கிளாட்னி என்ற ஜெர்மானிய அறிஞர் அச்சாட்சியங்களை ஏற்று நூல் எழுதினார். 1803 ஏப்ரல் 26இல் பிரான்சின் லேகிள் ஊரருகே ஆயிரக்கணக்கான கற்கள் வீழ்ந்தன. விசாரிக்கச் சென்ற பியோ, கிராமம் கிராமமாக நடந்து, கண்டவர்களின் வாய்மொழியைக் கற்கள் கிடந்த இடங்களோடு ஒப்பிட்டார். அவரது அறிக்கையின் பின்னரே ஐயம் பெரிதும் நீங்கியது.

கல்லைக் கண்டவர்கள் பொய் சொல்லவில்லை. கல்லுக்கு அவர்கள் கற்பித்த பொருளே தவறு. கற்றவர்களோ பொருளை மறுக்கப் புகுந்து, கல்லையும் சேர்த்து மறுத்துவிட்டனர். வகுப்பறையில் நான் செய்ததும் அதுதான். இப்பொழுது அப்பாடலைப் படிப்பிக்கையில், விழுந்த மீனையும் இறந்த அரசனையும் வேறுபிரித்துச் சொல்கிறேன். முன்னது புலவர் கண்டிருக்கக்கூடிய காட்சி. பின்னது அதனோடு அக்கால நம்பிக்கை முடிந்துவைத்த முடிச்சு.

அனக்சகோரஸ் இறந்தது, அந்தக் கல் விழுந்த கரைக்கு எதிரேயுள்ள லாம்ப்சாகஸ் நகரில். என்ன மரியாதை செய்யவேண்டுமென்று ஊரவர் கேட்டபோது, தாம் இறந்த மாதத்தில் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு விடுமுறை கொடுங்கள் என்றாராம். இந்தக் கதையை அந்த மாணவனுக்குச் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. அவன் பள்ளியை விட்டுப் போய் வெகுகாலமாயிற்று.