பிணவறையிலிருந்து பிரசவ அறைக்கு

வியன்னா பொது மருத்துவமனையில் 1840களில் இரண்டு இலவசப் பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதலாவதில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள், இரண்டாவதில் மருத்துவச்சிகள். 1846இல் முதல் பிரிவில் பிள்ளை பெற்றவர்களில் நூற்றுக்குப் பதினொருவர் இறந்தார்கள். பெரும்பாலும் பிரசவக் காய்ச்சலால். இரண்டாவதில் மூவருக்கும் குறைவு. இந்த வேறுபாடு ஊரறிந்தது. முதல் பிரிவில் சேர்க்க வேண்டாமென்று பெண்கள் மண்டியிட்டு அழுதார்கள்.

அங்கே பணியாற்றிய ஹங்கேரிய மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ், சொல்லப்பட்ட காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்துத் தள்ளினார். நெரிசல் காரணமென்றால் இரண்டாம் பிரிவில்தான் நெரிசல் அதிகம். 1847 மார்ச்சில் அவருடைய நண்பரான பேராசிரியர் கொலெட்ச்கா, பிணப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி விரலில் கீறியதால் நோயுற்று இறந்தார். இறந்த தாய்மாரின் உடலில் காணப்பட்ட அதே சிதைவுகள் அவர் உடலிலும் இருந்தன. மாணவர்கள் பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வருபவர்கள்; மருத்துவச்சிகளுக்கோ பிணவறையில் வேலையே இல்லை.

சோப்புப் போட்டுக் கழுவிய பின்னும் மாணவர்களின் கையில் பிண வாடை தங்கியது. வாடையைப் போக்குவது பிணத்திலிருந்து ஒட்டிய நஞ்சையும் போக்கும் என்று எண்ணிய செம்மல்வைஸ், மே மாதத்தில் குளோரின் கரைசலில் கை கழுவுவதைக் கட்டாயமாக்கினார். பிறகு அதைவிட மலிவான பிளீச்சிங் பவுடர் வந்தது. ஏப்ரலில் 18 விழுக்காடாக இருந்த இறப்பு ஜூனில் 2 விழுக்காடானது. அக்டோபரில் கருப்பைப் புற்றுநோயுள்ள ஒருவரைச் சோதித்த கைகள் அடுத்தடுத்த படுக்கைகளுக்குப் போயின. அங்கிருந்த தாய்மார் பலர் இறந்தார்கள். உயிரோடிருப்பவரிடமிருந்தும் நோய் பரவும் என்பது அப்போது தெளிந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் இடையே கை கழுவும் விதி வந்தது. இத்தனை சான்றுக்குப் பிறகும் மூத்த மருத்துவர்கள் பலர் ஏற்க மறுத்தது மருத்துவ வரலாற்றின் பெருந்துயரங்களில் ஒன்று. 1865இல் செம்மல்வைஸ் மனநலக் காப்பகத்தில் இறந்தார்.

வாடையை நம்பி அவர் தேர்ந்தது சரியான பொருளாகவே அமைந்தது. பிளீச்சிங் பவுடர் நீரில் கரையும்போது உண்டாகும் ஹைப்போகுளோரஸ் அமிலம் பாக்டீரியாவின் புரதங்களையும் நொதிகளையும் ஆக்சிஜனேற்றி அழிக்கிறது. பிரசவக் காய்ச்சலின் முக்கியக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸை 1879இல் லூயி பாஸ்டர் அடையாளம் காட்டினார்.

சில நிமிடக் கழுவல் ஏன் போதுமானது என்பதற்கு 1938இல் அமெரிக்க அறுவை மருத்துவர் பிலிப் பிரைஸின் ஆய்வு விடை தந்தது. தோலில் இரு வகை பாக்டீரியாக்கள் உண்டு. ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் போன்ற நிலைவாசிகள் தோலின் மேலடுக்குகளிலும் மயிர்க்கால்களிலும் குடியிருப்பவை. கழுவினாலும் முழுதும் போகா, பொதுவாகத் தீங்கும் செய்யா. மற்றவை தொட்ட இடத்திலிருந்து ஒட்டி வருபவை, எளிதில் நீங்குபவை. மாணவர்களின் கையோடு வந்தவை இந்த இரண்டாம் வகை.

இன்று மருத்துவமனைகளில் கையில் தேய்க்கப்படும் ஆல்கஹால் பாக்டீரியாவின் உறையைக் கரைத்துப் புரதங்களைத் திரிக்கிறது. அதற்கு நீரும் வேண்டும். ஆகவே தூய ஆல்கஹாலைவிட 60 முதல் 80 விழுக்காட்டுக் கலவையே வலிமையானது. குளோர்ஹெக்சிடின் தோலில் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் வேலை செய்யும். ஆனால் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் குளோஸ்டிரிடியாய்ட்ஸ் டிஃபிசிலின் விதைத்துகள்களை ஆல்கஹால் கொல்வதில்லை. அவற்றைச் சோப்பும் தண்ணீரும் கையிலிருந்து அடித்துக்கொண்டு போக வேண்டும்.