எலிப் படங்களில் யார் பெயர் இருக்கிறது?

"எலி தின்கிறவன்" என்பது நம் ஊர்களில் ஒரு வசவு. பீகாரில் ஒரு தலித் சாதியின் பெயரே முசகர். எலி தின்பவர் என்றுதான் அதற்குப் பொருள் சொல்கிறார்கள். ஆனால் தோழர்களே, தென்னிந்திய எலிகளைப் பற்றி வெள்ளைக்காரர்கள் எழுதிய அறிவியலில் ஒரு பெரும்பங்கு, இந்த வசவைச் சுமந்தவர்களிடமிருந்து போனது.

கம்பெனி ஆட்சியில் அதிகாரிகள் நம் நாட்டு உயிரினங்களைப் படமாக வரைந்து வாங்கினார்கள். கல்கத்தாவில் நீதிபதி எலைஜா இம்பேயின் குடும்பத்துக்காக 1777 முதல் 1782 வரை ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் என்ற மூன்று பாட்னா ஓவியர்கள் வரைந்தார்கள். பறவைகளோடு அழுங்கும் பழந்தின்னி வௌவாலும் அந்தப் படங்களில் உண்டு. அவற்றில் ஓவியர்களின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது. அது அபூர்வம்.

வழக்கம் வேறு. தாமஸ் ஹார்ட்விக் என்ற கம்பெனி ராணுவ அதிகாரி இந்திய ஓவியர்களை வைத்து ஆயிரக்கணக்கான படங்கள் சேர்த்தார். அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து, 1830 முதல் 1835 வரை பிரிட்டிஷ் மியூசியத்தின் ஜான் எட்வர்ட் கிரே லண்டனில் ஒரு பெரும் தொகுப்பை வெளியிட்டார். நெல்வயலில் வளை தோண்டும் எலிக்கு 'பெங்காலென்சிஸ்' என்ற அறிவியல் பெயர் வந்தது அந்தத் தொகுப்பில்தான். அதில் ஹார்ட்விக் பெயர் இருக்கிறது, கிரே பெயர் இருக்கிறது. மூலப்படங்களை வரைந்தவர்களில் பெரும்பாலோர் பெயரில்லாமல் போனார்கள்.

வரைந்தவர் நிலையே இது என்றால், பிடித்துக் கொடுத்தவர் நிலை?

மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி வால்டர் எலியட், தார்வாடு பகுதியின் பாலூட்டிகளைப் பட்டியலிட்டு 1839இல் வெளியிட்டார். அதில் ஒட்டர்களைப் பற்றி எழுதுகிறார். அவர்கள் வயல் எலியின் வளையைத் தோண்டி, அது சேர்த்து வைத்த தானியத்தை எடுப்பார்களாம். நல்ல இடம் வாய்த்தால் வெகுநாள் தானியம் வாங்கவே வேண்டியதில்லையாம். இன்னொரு சிற்றெலி தன் வளை வாயைச் சிறு கற்களால் அடைக்கும், வெளியே கிடக்கும் கற்குவியலை வைத்தே அதைக் கண்டுபிடிக்கலாம் என்றும் குறிக்கிறார். இது மண்ணைத் தோண்டுகிறவரின் அறிவு.

அந்தச் சிற்றெலியை ஒட்டர்கள் 'லெக்கடெ' என்றார்கள். 1837இல் கிரே அதையே 'லெகடா' என்று ஒரு பேரினத்தின் பெயராக்கினார். அவர்கள் 'மெட்டாடெ' என்ற எலி லண்டனில் 'மெல்டாடா' ஆனது. இன்றும் அதன் அறிவியல் பெயர் அதுதான். ஒட்டர்களின் சொல் லத்தீனுக்குள் போனது. சொன்னவர் பெயர் எங்கும் போகவில்லை.

அக்காலப் படங்களைப் பாருங்கள். மீசை மயிர், வால் வளையம், விரல் நகம் எல்லாம் துல்லியம். பின்னணி பெரும்பாலும் வெறும் வெள்ளைத் தாள். வளை இல்லை, கடப்பாரை இல்லை, தோண்டிய கை இல்லை. எலி அறிவியலுக்குப் போனது; எலி பிடித்தவருக்கு இழிவு மட்டும் மிஞ்சியது. ஒரே உயிரைக் கையில் எடுத்தாலும் துரை எடுத்தால் ஆராய்ச்சி, ஒட்டர் எடுத்தால் கேவலம். சாதி அறிவை இப்படித்தான் பிரிக்கிறது: பலனை எடுத்துக்கொள்ளும், ஆளைத் தள்ளி வைக்கும்.

இதை மாற்ற முடியும். 2023இல் செங்கல்பட்டு மாவட்டத்தின் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பாம்பு பிடிக்கும் திறனுக்காகப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்கள் பெயரோடு கிடைத்தது.

கடலாடிப் பக்கத்துக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. வெள்ளெலி, வயலெலி, முள்ளெலி, மூஞ்சூறு என்று நம் பெரியவர்களுக்குத் தெரிந்ததையெல்லாம் கேட்டு எழுதுங்கள். எந்த மண்ணில் எந்த வளை, எந்த மாதத்தில் குட்டி என்று கேளுங்கள். வரையத் தெரிந்தவர்கள் வரையுங்கள். அவர்கள் சம்மதித்தால், ஒவ்வொரு பக்கத்தின் கீழும் சொன்னவர் பெயரையும் வரைந்தவர் பெயரையும் முதலில் போடுங்கள். உங்கள் பெயர் அதற்குப் பிறகு வரட்டும்.