விமானப் பயணமும் கைவீக்கமும்: ஓர் எச்சரிக்கையின் வரலாறு

மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் கை வீங்குவது பயணிகள் விமானங்கள் பரவலாவதற்கு முன்பே மருத்துவர்களுக்குத் தெரிந்த தொல்லை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் வில்லியம் ஹால்ஸ்டெட் 1894இல் விவரித்த அறுவை முறையில் மார்பகத்தோடு மார்புத் தசைகளும் அக்குளின் நிணநீர் முடிச்சுகளும் சேர்த்தே அகற்றப்பட்டன. அறுத்த இடத்தில் நோய் திரும்புவது குறைந்தது. ஆனால் கையிலிருந்து நிணநீர் வடியும் பாதையும் அதோடு போயிற்று. வடிய வழியில்லாத நீர் தோலுக்கடியில் தேங்கியது. சிலருக்கு அறுவை முடிந்த சில மாதங்களில், சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து. 1921இல் ஹால்ஸ்டெட்டே இதைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதி, யானைக்கால் நோயின் லத்தீன் பெயரையே அறுவையோடு சேர்த்து இதற்குச் சூட்டினார். கிருமித் தொற்றுதான் காரணம் என்பது அவர் கட்சி. முழுக் காரணம் அதுவல்ல என்றாலும், தொற்று பற்றிய அவருடைய சந்தேகம் வீண்போகவில்லை.

மருந்தால் தீராத வீக்கத்தைக் கட்டுப்படுத்தும் வழிகள் ஐரோப்பாவில் உருவாயின. கையை உயர்த்தி வைத்தல், இறுகக் கட்டுதல், நீவிவிடுதல் ஆகிய மூன்றையும் ஆஸ்திரிய அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் வினிவார்ட்டர் 1892இலேயே எழுதிவைத்தார். டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர், தம் மனைவி எஸ்ட்ரிட்டுடன் சேர்ந்து மென்மையாக நீவும் முறையை வளர்த்து 1936இல் பாரிஸில் அறிமுகப்படுத்தினார். அளவெடுத்துத் தைத்த அழுத்த உறைகள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவின.

நெடுந்தூர விமானப் பயணம் நடுத்தர வர்க்கத்துக்கும் எட்டிய பிறகே விமானம் இந்தக் கதைக்குள் வந்தது. பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். 8,000 அடி என்றால் கடல்மட்ட அழுத்தத்தில் முக்கால் பங்குதான். வெளியழுத்தம் குறைந்தால் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் திசுக்களுக்குள் கூடுதலாகக் கசியும், அசையாமல் உட்கார்ந்திருப்பதால் தசைகள் அதைத் தள்ளிவிடாது, ஏற்கெனவே வடிகால் குறைந்த கை வீங்கும் என்பது வாதம். கேட்டதும் நம்பத் தோன்றும் வாதம்தான். சுற்றுப்புற அழுத்தம் குறையும்போது உடலுக்குள்ளும் அழுத்தம் கூடவே குறையும் என்பதை அந்த வாதம் பொருட்படுத்தவில்லை.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நிணநீர் ஆய்வில் புகழ்பெற்ற ஜான், ஜூடித் காஸ்லி-ஸ்மித் தம்பதியர் 1996இல் வெளியிட்ட கட்டுரை இந்த வாதத்துக்கு வலுச் சேர்த்தது. வீக்கம் உள்ளவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டதில், விமானத்தில்தான் அது தொடங்கியது என்று சிலர் சொல்லியிருந்தார்கள். பறந்தும் வீங்காதவர்களுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. இருந்தும், அறுவை செய்த பக்கம் ஊசி கூடாது, இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று நோயாளிகளுக்குத் தரப்பட்ட பட்டியலில், விமானம் ஏறினால் அழுத்த உறை போட வேண்டும் என்பதும் இடம்பிடித்தது. வீக்கமே இல்லாதவர்களும் போட்டார்கள். கடையில் வாங்கிய உறை மணிக்கட்டில் இறுகினால் உள்ளங்கை உப்பும்; முழங்கை மடிப்பில் சுருண்டால் அந்த இடத்தில் கயிறு கட்டியதுபோல் பதியும். 2002இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு, முன்னெச்சரிக்கையாக உறை அணிவதே வீக்க வாய்ப்பைக் கூட்டக்கூடும் என்று சந்தேகம் எழுப்பியது.

இந்த எச்சரிக்கைகளைத் தளர்த்தியதில் படகு வலித்த பெண்களுக்கும் பங்குண்டு. கனடாவின் வான்கூவரில் விளையாட்டு மருத்துவர் டான் மெக்கன்சி, மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களை 1996இல் டிராகன் படகில் ஏற்றித் துடுப்பு வலிக்கப் பழக்கினார். கைக்கு வேலையே தரக்கூடாது என்று சொல்லப்பட்ட காலம் அது. யாருக்கும் புதிதாக வீக்கம் வரவில்லை. அத்தகைய படகுக் குழுக்கள் பல நாடுகளில் தோன்றின. பின்னர் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த படகுப் போட்டிக்குக் கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவின் பிற பகுதிகளிலிருந்தும் பறந்துவந்த 72 பெண்களின் கைகளை ஆய்வாளர்கள் பயணத்துக்கு முன்னும் பின்னும் அளந்தார்கள். மெல்லிய மின்சாரத்தைக் கைவழியே செலுத்தி, அது எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதிலிருந்து தேங்கிய நீரைக் கணிக்கும் முறை அது. 2010இல் முடிவு வெளியானது: 95 சதவீதத்தினருக்குப் பயணத்தால் பாதகமான மாற்றம் இல்லை. தொடர்ந்து உடற்பயிற்சி செய்பவர்கள் என்பதால் இவர்களை வைத்து எல்லாருக்கும் தீர்ப்புச் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் 2016இல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை 632 நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்து வெளியிட்ட ஆய்விலும், விமானப் பயணங்களின் எண்ணிக்கைக்கோ நேரத்துக்கோ கை பருப்பதோடு தொடர்பு தென்படவில்லை. அக்குள் முடிச்சுகளை முழுதாக அகற்றுதல், அப்பகுதிக்குக் கதிர்வீச்சு, அதிக உடல் எடை, தோலில் கிருமித் தொற்று ஆகியவையே வீக்கத்தோடு தொடர்புடையவையாகத் தெரிந்தன. தொற்றைப் பற்றி 1921இல் எழுந்த சந்தேகத்துக்கு இப்படி ஓரளவு ஆதாரம் கிடைத்தது.

இதற்குள் அறுவையும் மாறிவிட்டது. 1990களில், நோய் முதலில் பரவக்கூடிய ஓரிரு காவல் முடிச்சுகளை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறை வந்ததால், பலருக்கு அக்குளை முழுதாகத் துடைத்தெடுக்கும் தேவை குறைந்தது, வீக்கமும் குறைந்தது. வீக்கமில்லாதவர் பறப்பதற்காகவே உறை வாங்க வேண்டியதில்லை என்று இன்று பல மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஏற்கெனவே வீக்கம் உள்ளவர் தினமும் அணியும், அளவெடுத்த உறையை விமானத்திலும் அணிகிறார். விரல்களை மடக்கி நீட்டுகிறார், இடையிடையே எழுந்து நடக்கிறார். காலில் இரத்தம் உறையாமலிருக்கப் பயணத்தில் அணியும் காலுறை வேறு நோக்கத்துக்கானது. அதை இதோடு குழப்பக் கூடாது. தோல் தொற்று அடிக்கடி வருபவர் மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆன்டிபயாட்டிக்கைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்கிறார். இந்த ஆய்வுகள் பெரும்பாலும் கையைப் பற்றியவை. கருப்பைவாய், கருப்பைப் புற்றுநோய் அறுவைக்குப் பின் வரும் கால்வீக்கத்துக்கும் விமானத்துக்கும் உள்ள தொடர்பு இவ்வளவு விரிவாக அளக்கப்படவில்லை; அங்கே மருத்துவர்கள் இன்னும் பழைய எச்சரிக்கையோடுதான் ஆலோசனை சொல்கிறார்கள்.