வீட்டுக்குள் வந்த உரிமப் பதிவேடு: வானொலிப் பெட்டியிலிருந்து வைஃபை வரை

பெங்களூரு அடுகோடியில் 1950களில் மைக்கோ ஆலை எழுந்த காலத்தில், அங்குக் குடியேறிய தொழிலாளர் ஒருவர் தம் வீட்டில் வானொலிப் பெட்டி வைத்துக்கொள்ள வேண்டுமெனில் அஞ்சலகத்தில் உரிமம் பெற வேண்டியிருந்தது. 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமின்றிக் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. எந்த வீட்டில் எந்தப் பெட்டி உள்ளது, அதற்குப் பொறுப்பாளர் யார் என்பதை அரசின் பதிவேடு அறிந்திருந்தது. வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கான உரிமமுறை 1980களின் நடுப்பகுதியில் கைவிடப்பட்டது.

இன்று அதே அடுகோடியில், எந்தக் கருவி இணையத்துள் நுழையலாம் என்பதை வீட்டு ரௌட்டரே முடிவு செய்கிறது. இந்த அதிகாரம் குடும்பத்தின் கைக்கு வந்ததில் 2005 ஜனவரி அறிவிக்கை முக்கியமானது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என அது விதித்தது. வீட்டு வைஃபை பரவ வழி திறந்தது.

அதிகாரத்தோடு பொறுப்பும் வந்தது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்தபோது அனுப்பப்பட்ட மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பைக் குடியிருப்பு ஒன்றின் பாதுகாப்பற்ற வைஃபை வழியே சென்றதெனப் புலனாய்வு காட்டியது. பிறர் செய்ததற்கு முதலில் விசாரணையை எதிர்கொண்டவர் இணைப்பின் சந்தாதாரர். 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது குறித்து இணையச் சேவை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது.

வீட்டுக்காரருக்குக் கிடைத்த கருவிகளுள் ஒன்று மேக் முகவரிப் பட்டியல். 48 பிட் நீளமுள்ள இவ்வெண்ணின் முதற்பாதியைப் பொதுவாக ஐஇஇஇ அமைப்பு உற்பத்தியாளருக்கு ஒதுக்குகிறது. மறுபாதியை உற்பத்தியாளர் தாமே இடுகிறார். பட்டியலிலுள்ள எண்களுக்கு மட்டும் ரௌட்டர் கதவு திறக்கும். பழைய உரிமப் பதிவேடே வீட்டுக்குள் மறுபிறவி எடுத்தது எனலாம்.

ஆனால் இப்பதிவேட்டில் இரு ஓட்டைகள் உண்டு. கடவுச்சொல்லால் செய்தி மறைக்கப்பட்டாலும் மேக் முகவரி மறைக்கப்படாமலே காற்றில் செல்கிறது. அருகிலிருப்பவர் அதைப் படித்துத் தம் கருவிக்குச் சூட்டிக்கொள்ள முடியும். இரண்டாவது ஓட்டை நல்ல நோக்கத்திலிருந்து பிறந்தது. திறன்பேசி எண்ணைக் கொண்டு மனிதரின் நடமாட்டத்தைத் தொடர்வதைத் தடுக்க, 2014இல் ஐஓஎஸ் 8 வலையமைப்புகளைத் தேடும்போது தற்காலிக எண்ணைப் பயன்படுத்தத் தொடங்கியது. 2019இல் ஆண்ட்ராய்டு 10, 2020இல் ஐஓஎஸ் 14 ஆகியவை ஒவ்வொரு வலையமைப்புக்கும் தனி எண்ணை இயல்பாக்கின. தெருவில் மனிதரைக் காக்கும் அதே ஏற்பாடு, வீட்டு வாயிலில் காவலரைக் குழப்புகிறது: அமைப்பில் ஒரு தெரிவை மாற்றினால், தடுக்கப்பட்ட பேசி புது எண்ணோடு உள்ளே வரக்கூடும், அனுமதிக்கப்பட்ட பேசி வெளியே நிற்கவும் கூடும்.

ஆகவே வலுவான கடவுச்சொல்லே முதல் தாழ்ப்பாள். விருந்தினருக்குத் தனி வலையமைப்பு அடுத்தது. எண் பட்டியல் துணைக்கு மட்டுமே.

1933ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2023இல் தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டது. பழைய உரிமம் பெட்டியையும் மனிதரையும் ஒரே வரியில் பிணைத்தது. ரௌட்டரின் பட்டியலோ கருவியின் எண்ணை மட்டும் அறியும். அதைக் கையில் ஏந்தியவரை அறியாது. வாடகை அறைகள் நெருங்கிய அடுகோடியில் ஓர் இணைப்பைப் பலர் பகிரும்போது, விசாரணை தேடி வருவது சந்தா யார் பெயரில் உள்ளதோ அவரையே.