இசைத்தட்டுகள் வந்து சேர்ந்த வழி

அயலூருக்குப் போகிறவர்களில் கோயிலை விசாரிப்பவர்கள் உண்டு, நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பவர்களும் உண்டு. இவ்விரு சாராருக்கும் அப்பால் ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. ரயிலை விட்டு இறங்கியதும் பழைய ரிக்கார்டு எந்தத் தெருவில் கிடைக்கும் என்று கேட்பவர்கள் அவர்கள். இக்கேள்விக்கு உள்ளூர்க்காரர் சொல்லும் விடை பெரும்பாலும் பயன்படுவதில்லை. அவருக்குத் தெரிந்தது புதிய தட்டுகளைக் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கும் கடைதான். நாம் தேடுவதோ அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் காசு கொடுத்து வாங்கி, கேட்டு, வைத்திருந்து, பிறகு கைவிட்ட தட்டு. அது எங்கே போய்ச் சேரும் என்பதை அந்நகரத்தின் துறைமுகமும் தொழிற்சாலையும், அங்கே குடியேறியவர்களும் அங்கிருந்து வெளியேறியவர்களும் சேர்ந்தே தீர்மானித்திருக்கிறார்கள். ஆகவே நல்ல இசைத்தட்டுக் கடையைத் தேடுவது என்பது ஒரு நகரத்தின் வரலாற்றைப் பின்பக்கத்திலிருந்து வாசிப்பதுதான்.

உலகின் மிகப் பழைய இசைத்தட்டுக் கடை என்று பெயர் பெற்றிருப்பது லண்டனில் இல்லை, நியூயார்க்கிலும் இல்லை. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் 1894ஆம் ஆண்டு ஹென்றி ஸ்பில்லர் என்பவர் தொடங்கிய ‘ஸ்பில்லர்ஸ்’ அது. எமிலி பெர்லினர் தட்டையான இசைத்தட்டுக்கும் கிராமபோனுக்கும் காப்புரிமை கோரி அப்போது ஏழாண்டுகளே ஆகியிருந்தன. எடிசன் வழிவந்த மெழுகு உருளைகளே பரவலாக இருந்த காலம். கார்டிஃப் அன்று நிலக்கரி ஏற்றுமதித் துறைமுகம். கப்பலும் பணமும் வந்து போகும் ஊரில் பாடும் இயந்திரத்தை விற்க ஒருவருக்குத் துணிவு பிறந்ததில் வியப்பில்லை. அக்கடை இடம் மாறினாலும் ஊர் மாறாமல் இன்னும் நடக்கிறது. லண்டன் ஆக்ஸ்ஃபர்டு தெருவில் நாய்ப்படக் கம்பெனியான எச்.எம்.வி. தன் பெருங்கடையைத் திறந்தது 1921இல்தான். இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர் வந்து திறந்து வைத்தார்.

இந்தியாவுக்கு இசைத்தட்டு வந்த வழி கல்கத்தா வழியாக அமைந்தது. 1898இல் லண்டனில் தொடங்கப்பட்ட கிராமபோன் கம்பெனி, கீழ்த்திசைக் குரல்களைப் பதிவு செய்து வர ஃப்ரெட் கைஸ்பெர்க் என்ற இளம் பொறியாளரை அனுப்பியது. 1902 நவம்பரில் கல்கத்தாவின் ஒரு விடுதி அறையில் அவர் கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம். மணிக்கணக்கில் விரிய வேண்டிய ராகத்தை அதற்குள் அடக்கி, முடிவில் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி முடித்தார் கௌஹர் ஜான். பதிவுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குப் போய், அங்கே தட்டுகளாக அச்சாகித் திரும்பி வர வேண்டும். பாடியவர் யார் என்பது அங்கிருந்த தொழிலாளர்களுக்குத் தெரிந்தாக வேண்டுமே என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது என்பார்கள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அந்தத் தட்டுகளைச் செய்யத் தேவையான அரக்கு பெருமளவும் இந்தியக் காடுகளிலிருந்தே சென்றது. சோட்டா நாக்பூர்ப் பகுதியின் மரக்கிளைகளில் அரக்குப் பூச்சிகள் சுரந்ததைச் சுரண்டியெடுத்துச் சுத்தம் செய்து கப்பலேற்றினார்கள். அங்கே கல்தூளும் கரியும் சேர்த்து அழுத்தப்பட்டு, கல்கத்தாக்காரியின் குரலைச் சுமந்துகொண்டு அது கடல் கடந்து திரும்பியது. இந்தச் சுற்றுவழியைக் குறைக்கவே 1908இல் கல்கத்தாவின் சியால்தா பகுதியில் கம்பெனி ஒரு தொழிற்சாலையை நிறுவியது. 1920களின் இறுதியில் அது டம்டம்முக்கு மாறியது. அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு இந்தியத் துணைக்கண்டத்தின் பெரும்பாலான தட்டுகள், தமிழ்த் தட்டுகள் உட்பட, அங்கிருந்தே வந்தன.

கல்கத்தாவில் தேடுகிறவர் இதை மனத்தில் கொள்ள வேண்டும். தொழிற்சாலை இருந்த ஊரில் சரக்கும் நிறைய, போட்டியாளர்களும் நிறைய. சுதேசி இயக்கக் காலத்தில் எச். போஸ் என்பவர் உள்ளூரிலேயே மெழுகு உருளைகளில் பாடல்களைப் பதிந்து விற்றார். தாகூரின் குரலும் அவற்றில் இருந்தது. அந்த உருளைகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. 1932இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் ரெக்கார்ட் நிறுவனம்தான் இளம் சைகலின் குரலைத் தட்டில் ஏற்றியது. இவை வீடுகளில் நுழைந்த தட்டுகள். வீடுகளிலிருந்து வெளியேறிய தட்டுகளுக்கு வேறொரு தெரு இருந்தது. ஃப்ரீ ஸ்கூல் தெரு, இன்றைய பெயரில் மிர்ஸா காலிப் தெரு. நாவலாசிரியர் தாக்கரே 1811இல் பிறந்த தெரு என்பதால் இலக்கிய வாசகர்களுக்கு அதன்மேல் தனி உரிமையும் உண்டு. அதன் ஒரு பக்கம் நியூ மார்க்கெட். மறுமுனை பார்க் தெருவைத் தொடுகிறது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் உணவு விடுதிகளில் ஜாஸ் வாத்தியக் குழுக்கள் முழங்கிய தெரு பார்க் தெரு. சுற்றிலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்த சந்துகள். விடுதலைக்குப் பின் அக்குடும்பங்கள் பல இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறின. ஊரை விட்டுப் போகிறவர் முதலில் கைவிடுவது கனமானதும் உடையக்கூடியதுமான பொருள்களை. இசைத்தட்டு இரண்டும் சேர்ந்தது. பழைய தட்டு வியாபாரம் அந்தத் தெருவில் வேரூன்றிய காரணத்தை அறிய இதற்கு மேல் போக வேண்டியதில்லை.

பம்பாயில் இந்த இரண்டு உலகங்களும் தனித்தனியே நின்றன. காலா கோடாவின் ரிதம் ஹவுஸ் புதிய தட்டின் உலகம். 1940களில் தொடங்கி, வாங்குவதற்கு முன் கேட்டுப் பார்க்கச் சிற்றறைகள் வைத்திருந்த கடை அது. பம்பாய் இசைரசிகர்களின் இரண்டு மூன்று தலைமுறைகள் அங்கே நின்றுகொண்டே கேட்டு வளர்ந்தன. 2016இல் அது மூடப்பட்டது. சோர் பஜாரின் மட்டன் தெருவோ பழைய தட்டின் உலகம். கடிகாரம், விளக்கு, சினிமாச் சுவரொட்டி ஆகியவற்றுக்கு நடுவே அங்கே தட்டுகள் குவிந்து கிடக்கும். ரிதம் ஹவுஸில் வாங்கியவரின் பேரன் விற்றது சோர் பஜாருக்கு வந்து சேரும். முதல் கடை மூடப்பட்டபோது பத்திரிகைகள் கண்ணீர் வடித்தன. இரண்டாவது வகைக் கடைகள் ஒவ்வொன்றாக மறையும்போது செய்தி எதுவும் வருவதில்லை. ஆனால் வரலாற்றுக்கு அதிக நட்டம் இரண்டாவதில்தான்.

சென்னையில் அந்த இரண்டாவது வகைக்கு மூர் மார்க்கெட் என்று பெயர். 1900இல் திறக்கப்பட்ட அச்சிவப்புக் கட்டடம் பழைய புத்தகங்களுக்காகவே நம் எழுத்தாளர்களின் நினைவுக் குறிப்புகளில் வாழ்கிறது. புத்தகக் கடைகளை ஒட்டியே கிராமபோன் பிளேட்டுகளும் விற்றன. தெற்கிலும் இசைத்தட்டு பெருந்தொழிலாக வளர்ந்திருந்தது. ஏவி. மெய்யப்பன் திரைத்துறைக்குள் நுழைவதற்கு முன் 1930களின் தொடக்கத்தில் நடத்தியது சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத்தான். எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் தம் 27ஆம் வயதில் மறைந்தார். அவர் எந்தப் பேசும்படத்திலும் நடிக்கவில்லை. அந்தக் குரல் நமக்குக் கிடைப்பது இசைத்தட்டுகளால் மட்டுமே. வீணை தனம்மாளின் வாசிப்பும் அப்படித்தான். முப்பதுகளில் பதிவான சில தட்டுகளே அவர் விரல்களுக்குச் சாட்சி. 1985 மே மாத இறுதியில் மூர் மார்க்கெட் தீப்பற்றி எரிந்தது. எரிந்த தட்டுகளின் பட்டியல் எவரிடமும் இல்லை. கடைக்காரர்கள் சிலர் அருகிலிருந்த அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். மார்க்கெட் இருந்த இடத்தில் புறநகர் ரயில் முனையம் எழுந்தது.

பிளேட்டுகள் வீடுகளிலிருந்து வெளியேறியதற்குத் தொழில்நுட்பம் பெருங்காரணம். 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் வினைலால் ஆன நீண்ட நேரத் தட்டை, அதாவது எல்.பி.யை, அறிமுகம் செய்தது. பக்கத்துக்கு மூன்று நிமிடம் இருபது நிமிடத்துக்கு மேல் நீண்டது. இங்கிலாந்து 1960 வாக்கில் 78 சுற்று அரக்குத் தட்டுகளைக் கைவிட்டது. இந்தியாவில் கைச்சாவி கொடுத்து ஓடும் பெட்டிகள் ஊர்ப்புறங்களில் நிறைய இருந்ததால் அறுபதுகள் முழுவதும் அவை அச்சாயின. பீட்டில்ஸ் பாடல்கள்கூட டம்டம்மில் 78 சுற்றுத் தட்டுகளாக வந்தன. வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத அவற்றுக்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் கல்கத்தாவுக்கு வந்ததுண்டு. பிறகு எண்பதுகளில் ஒலிநாடாப் பெருவெள்ளம் வந்து எல்.பி.யையும் அடித்துச் சென்றது. தாத்தாவின் பெட்டியும் பிளேட்டுகளும் பரணுக்குப் போயின. வீடு இடிக்கப்படும்போது பரணிலிருந்து காயலான் கடைக்குப் போயின. நல்ல கடைக்காரர் என்பவர் காயலான் கடைக்கும் நமக்கும் இடையே நிற்பவர்.

பழைய தட்டை இவ்வளவு மெனக்கெட்டுத் தேட வேண்டுமா, மூலப்பதிவு கம்பெனியிடம் இருக்காதா என்று கேட்கலாம். பல நேரங்களில் இருக்காது. அமெரிக்காவின் கதையே இதற்குத் தக்க சான்று. விஸ்கான்சின் மாநிலத்தில் நாற்காலி செய்யும் கம்பெனி ஒன்று, தான் செய்த ஃபோனோகிராஃப் பெட்டிகள் விற்கட்டும் என்பதற்காகப் பாரமவுண்ட் என்ற பெயரில் இசைத்தட்டு வெளியிட்டது. தென்மாநிலக் கறுப்பினப் பாடகர்களின் மகத்தான புளூஸ் பதிவுகள் பல அதில் வந்தவை. முப்பதுகளின் பொருளாதார வீழ்ச்சியில் தொழில் நின்றது. உலோகத் தாயச்சுகள் பழைய இரும்பு விலைக்குப் போயின. இன்று நாம் கேட்கும் பாரமவுண்ட் பாடல்கள் ஏறத்தாழ எல்லாமே யாரோ வீடுவீடாக, கடைகடையாகத் தேடியெடுத்த கீறல் விழுந்த தட்டுகளிலிருந்து படியெடுத்தவை. 2008இல் ஹாலிவுட் யுனிவர்சல் வளாகத்துத் தீயில் பெருந்தொகையான மூலநாடாக்கள் எரிந்தன. அந்த இழப்பின் அளவு பத்திரிகை வழியே வெளியே தெரிய 2019 ஆயிற்று.

தட்டு காப்பாற்றுவது குரலை மட்டுமல்ல என்பதற்கும் அங்கே ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. மிஸிஸிப்பி ஜான் ஹர்ட் என்பவர் 1928இல் ஓகே நிறுவனத்துக்காகச் சில பாடல்கள் பாடிவிட்டு ஊர் திரும்பி விவசாய வேலைக்குப் போய்விட்டார். தட்டுகள் விற்கவில்லை, உலகம் மறந்தது. அப்பாடல்களில் ஒன்று அவருடைய சொந்த ஊரான அவலானைப் பற்றியது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1963இல், டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் அந்தப் பாடலைக் கேட்டு, பழைய நிலப்படத்தில் அவலானைக் கண்டுபிடித்து நேரே போனார். ஹர்ட் உயிரோடிருந்தார், விரலும் மறக்கவில்லை. அதே ஆண்டு நியூபோர்ட் விழாவில் ஆயிரக்கணக்கானோர் முன் பாடினார். 1966இல் இறக்கும்வரை கிடைத்த அந்த மூன்றாண்டுகளும் ஒரு பழைய தட்டு அவருக்குத் திருப்பிக் கொடுத்தவை.

அமெரிக்க நகரங்களின் பழைய தட்டுக் கடைகளில் நமக்கும் ஒரு மூலை உண்டு. ‘இன்டர்நேஷனல்’ என்று எழுதி வைத்த பெட்டிகளை அவசரப்படாமல் புரட்ட வேண்டும். அறுபதுகளில் அங்குள்ள பல்கலைக்கழகங்கள் நம் வித்வான்களை அழைத்துப் பாடச் சொல்லியும் கற்பிக்கச் சொல்லியும் கேட்டன. அதன் விளைவாக ராமநாதபுரம் கிருஷ்ணனின் அரிய எல்.பி.யை 1968இல் நான்சச் நிறுவனம் வெளியிட்டது. மயிலாப்பூரில் கிடைக்காத கர்நாடக இசைத்தட்டு கலிஃபோர்னியாவில் கிடைக்கக்கூடும் என்பது முரணன்று. தட்டு அச்சான இடத்திலும் வாங்கப்பட்ட இடத்திலும்தான் கிடைக்கும், பாடகர் பிறந்த ஊரில் அன்று.

வினைல் இன்று மீண்டும் நாகரிகமாகியிருக்கிறது. 2008 முதல் ஆண்டுதோறும் இசைத்தட்டுக் கடை நாள் கொண்டாடுகிறார்கள். 2022இல் அமெரிக்காவில் வினைல் தட்டுகள் 41 மில்லியன் விற்க, குறுந்தகடுகள் 33 மில்லியனே விற்றன. 1987க்குப் பின் எண்ணிக்கையில் வினைல் முந்தியது அதுவே முதல்முறை. மகிழ்ச்சிதான். ஆனால் இந்த அலை பெரும்பாலும் புதிய தட்டுகளையும் மறுபதிப்புகளையும் நம்பி எழுந்தது. மட்டன் தெருவின் குவியலுக்கு அதனால் ஆகப்போவது அதிகமில்லை. 78 சுற்றுத் தட்டை இன்றைய எல்.பி. முள்ளால் சரியாகக் கேட்கவும் முடியாது. அதற்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அகலமான முள் வேண்டும். இந்த அறிவும், எந்தக் கம்பெனி எந்த ஆண்டு எந்த நிறச் சீட்டு ஒட்டியது என்ற அறிவும், பெரும்பாலும் சில வயதான கடைக்காரர்களிடமும் சேகரிப்பாளர்களிடமும் இருக்கின்றன. மும்பையில் 1990இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கமும், கிராமபோன் கம்பெனியின் முதல் இந்தியப் பதிவுகளைப் பட்டியலிட்டு 1994இல் நூலாக்கிய ஆஸ்திரேலியரான மைக்கேல் கினியரும் செய்த பணி இத்தகைய மனிதர்களைச் சார்ந்தே நடந்தது.

ஆகவே அடுத்த முறை வேற்றூர் செல்லும் வாசகர், புதுக்கடையின் முகவரியோடு நின்றுவிட வேண்டாம். பழைய புத்தகக் கடைகள் எங்கே, பழைய மரச்சாமான் எங்கே விற்கிறது, எந்தச் சமூகத்தார் எந்த ஆண்டுகளில் அவ்வூரை விட்டுப் போனார்கள் என்று விசாரியுங்கள். தட்டு அங்கேதான் இருக்கும். எடுத்ததும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுச்சீட்டில் பாடியவர் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். வாங்காவிட்டாலும் குறித்துக்கொள்ளுங்கள். மூர் மார்க்கெட்டில் எரிந்தவற்றின் பெயர்களையாவது யாரேனும் ஒருவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தால், எதை இழந்தோம் என்றாவது இன்று நமக்குத் தெரிந்திருக்கும்.