கோட்டையில் பேச ஊருக்கு ஆள் உண்டா?

2011 மே மாதம் அம்பத்தூருக்கு அதன் பெயரிலேயே முதன்முறையாக ஒரு சட்டமன்ற உறுப்பினர் கிடைத்தார். தொகுதி மறுவரையறையில் புதிதாகப் பிறந்த அம்பத்தூர், ஆவடி, மதுரவாயல் தொகுதிகளுக்கு அதுதான் முதல் தேர்தல். அதே ஆண்டு அக்டோபரில் அம்பத்தூர் நகராட்சி இல்லாமல் போனது. 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என மொத்தம் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துக்கொண்டு சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. நாலரை லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த அம்பத்தூர் அதன் ஏழாவது மண்டலமானது. அம்பத்தூர் வாக்காளர்களுக்காகச் சட்டமன்றத்தில் எழுந்து பேச ஆள் வந்த ஐந்தே மாதத்தில், அம்பத்தூர் என்ற ஊருக்காகத் தீர்மானம் போட ஒரு மன்றம் இல்லை. வாக்காளர்களின் குரலும் ஊரின் குரலும் ஒன்றுதான் என்று நினைப்பவர்களுக்கு இதில் இழப்பு எதுவும் தெரியாது. ஆனால் இந்த மாகாணம் ஏறக்குறைய நூறாண்டுகளாக இரண்டையும் வெவ்வேறாகவே வைத்துப் பார்த்திருக்கிறது. பின்னதற்கு அவ்வப்போது ஓர் இருக்கையும் தந்திருக்கிறது. அந்த இருக்கை போன பிறகு, சென்னையின் மேற்குப் புறநகர்கள் அரசிடம் பேசும் முறை இரக்கத்தையும் செல்வாக்கையும் நம்பியதாகிவிட்டது என்பதே என் வாதம்.

அமெரிக்காவில் இதே சிக்கலுக்கு வேறொரு விடை கண்டிருக்கிறார்கள். அங்கே பல நகராட்சிகள் மாநிலத் தலைநகரில் தமக்காகப் பேச லாபி முகவர்களைச் சம்பளத்துக்கு அமர்த்துகின்றன. காரணம் சட்டத்தில் இருக்கிறது. நகரம் மாநிலம் படைத்த பொருள். மாநிலம் கொடுத்த அதிகாரத்துக்கு மேல் அதற்கு எதுவும் கிடையாது என்று அயோவா மாநில நீதிபதி ஜான் டில்லன் 1868-இல் வகுத்த விதி அங்கே இன்றும் செல்வாக்கோடு இருக்கிறது. தன் எல்லை, வரி, அதிகாரம் எல்லாம் இன்னொருவர் கையில் இருக்கும்போது, அவர் வாசலில் ஓர் ஆளை நிறுத்தி வைப்பது நகரத்துக்குத் தற்காப்பாகிறது. இதை எதிர்ப்பவர்களும் உண்டு. மக்களின் வரிப்பணத்தில் லாபி செய்வதைக் கட்டுப்படுத்தும் மசோதா ஒன்று 2019-இல் டெக்சாஸ் சட்டமன்றத்துக்கு வந்து கீழவையில் தோற்றது. நம் நிலையும் சட்டப்படி இதற்கு அதிகம் மாறுபட்டதில்லை. நகராட்சியை உருவாக்குவதும் கலைப்பதும் எல்லையை மாற்றுவதும் மாநில அரசு. ஆணையரை அனுப்புவதும் அதுவே. ஆக, மாநில அரசின் முன் நகரத்துக்காகப் பேசுவது யார் என்ற கேள்வி இங்கும் அதே கனத்தோடு இருக்கிறது.

பிரிட்டிஷ் காலத்தில் அந்தக் கேள்விக்கு முதலில் கிடைத்த விடை விண்ணப்பம். ரிப்பன் பிரபு 1882 மே மாதம் வெளியிட்ட உள்ளாட்சித் தீர்மானம் நகரசபைகளுக்குக் கொஞ்சம் உயிர் கொடுத்தது; பணமும் ஒப்புதலும் மட்டும் கவர்னர் கையிலேயே இருந்தன. எனவே கவர்னர் ஜில்லாக்களில் சுற்றுப்பயணம் வரும்போது நகரசபைகளும் ஜில்லா போர்டுகளும் வரவேற்புப் பத்திரம் வாசித்துக் கொடுக்கும் வழக்கம் வேரூன்றியது. முதல் பத்திகளில் புகழ்ச்சி இருக்கும். அதைத் தாண்டினால் குடிநீர்த் திட்டத்துக்கு மானியம், ஆஸ்பத்திரிக்குக் கட்டடம், பாலத்துக்கு நிதி என்று கோரிக்கைகள் வரிசையாக வரும். கவர்னரும் அதே மேடையில் பதில் சொல்வார். பணிவு மிகுந்த சடங்குதான். ஆனால் அதில் ஓர் ஒழுங்கு இருந்தது: கேட்டது எழுத்தில் இருந்தது, பதில் பலர் முன்னிலையில் வந்தது, கேட்டது தனிமனிதர் அல்லாமல் சபையாக இருந்தது.

அடுத்த விடை இருக்கை. 1892-ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில்கள் சட்டம் தேர்தல் என்று வெளிப்படையாகச் சொல்லத் தயங்கி, பரிந்துரை என்ற பெயரில் ஒரு வழியைத் திறந்தது. சென்னை மாநகராட்சி தன் சார்பில் ஒருவரைச் சட்டசபைக்குப் பரிந்துரைக்கலாம். நகரசபைகளும் ஜில்லா போர்டுகளும் குழுக்களாகச் சேர்ந்து பரிந்துரைக்கலாம். பல்கலைக்கழகத்துக்கும் வணிகர் சபைக்கும் இதே உரிமை இருந்தது. 1909-இன் மின்டோ–மார்லி சீர்திருத்தம் பரிந்துரையைத் தேர்தலாகவே ஆக்கியது. இதில் ஜனநாயகத்தைத் தேடிப் போகிறவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். வாக்குரிமை சொத்துள்ள சிலருக்கு உரியதாக இருந்தது. நிறுவனமாகப் பார்த்தால் மட்டும் கவனிக்கத்தக்க ஒன்று தெரிகிறது. அந்த உறுப்பினர் அவையில் எழுந்தால், அவர் பின்னால் நிற்பது ஒரு நகரசபை. அவர் என்ன பேசினார் என்பது அவைக் குறிப்பில் அச்சாகும். அவர் சரியாகப் பேசவில்லை என்றால் அடுத்த முறை சபை வேறொருவரை அனுப்பும்.

1919 சீர்திருத்தத்துக்குப் பிறகு பொதுத்தொகுதிகள் பெருகின. மாநகராட்சிக்கென்று இருந்த தனி இருக்கை போயிற்று. அந்தக் குறை அப்போது பெரிதாக உறைக்கவில்லை. அரசியல்வாதிகள் நகராட்சியிலேயே உருவாகிக்கொண்டிருந்தார்கள். சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர் ராஜாஜி. ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்தவர் பெரியார். இரட்டையாட்சியில் இந்திய மந்திரிகளின் கைக்கு வந்த முக்கியத் துறைகளில் ஒன்று ஸ்தல ஸ்தாபனம். 1920-இல் அதை ஏற்ற பனகல் அரசர் மறு ஆண்டே முதன்மை மந்திரியானார். நகரசபையின் கவலை எது என்று தெரிந்தவர்கள் மேலே இருந்தார்கள். ஆனால் ஆட்களின் அனுபவத்தை நம்பிய அந்த ஏற்பாடு அந்தத் தலைமுறையோடு முடிந்துவிடக்கூடியது.

சுதந்திர இந்தியாவின் அரசியல் சாசனம் இருக்கையை மீட்டுத் தந்தது. மேலவை உள்ள மாநிலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்களை உள்ளாட்சி உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது 171-ஆம் பிரிவு. தமிழ்நாட்டு மேலவை 63 பேர் கொண்டதாக இருந்தபோது அதில் 21 இடங்கள் இவ்வகையில் வந்தவை. மேற்குப் புறநகர்கள் உருமாறியதும் இதே காலத்தில்தான். ஏரிப்பாசனத்தை நம்பியிருந்த கிராமங்கள் நடுவே டி.ஐ. சைக்கிள் ஆலை வந்தது. 1955-இல் சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தைக் காங்கிரஸ் ஆவடியில் நிறைவேற்றியது. 1960-களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை டாங்கிகளைச் செய்யத் தொடங்கியது, அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. தொழிலாளர் குடியிருப்புகள் பெருகப் பெருக, குடிநீர், சாக்கடை, சாலை என்று மூன்று தேவைகளும் மாநில அரசின் முன் போய் நின்றன. மேலவை அவற்றையெல்லாம் தீர்த்துவைத்தது என்று சொல்ல மாட்டேன். உள்ளாட்சிக்கு ஒரு வாசல் இருந்தது என்று மட்டும் சொல்வேன்.

அந்த வாசல் இரு தவணைகளில் மூடப்பட்டது. முதல் தவணை உள்ளாட்சித் தேர்தலையே நிறுத்தியது. சென்னை மாநகராட்சி மன்றம் 1973-இல் கலைக்கப்பட்டு, அடுத்த மன்றம் 1996-இல்தான் வந்தது. கவுன்சிலரே இல்லாத மாநகராட்சி மேலவைக்கு யாரைத் தேர்ந்தெடுக்கும்? இரண்டாம் தவணை, 1986 நவம்பர் 1 அன்று மேலவையின் முடிவு. திவால் அறிவிப்புக்கு உள்ளாகியிருந்த ஒரு நடிகையை நியமிக்க முயன்றதில் எழுந்த சர்ச்சை அதற்கு உடனடிக் காரணமாக இருந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சி ஒழித்ததை மீட்கத் தி.மு.க. பலமுறை முயன்றது, 2010-இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றியும், 2011-இல் வந்த அ.தி.மு.க. ஆட்சி அதை வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. இந்த நெடிய வழக்கில் இரு தரப்பும் பேசியது கட்சிக் கணக்கை. 21 உள்ளாட்சி இடங்களுக்காகக் கண்ணீர் விட்டவர்கள் குறைவு.

இருக்கை போனாலும் தேவை போகாது. அது வேறு வழிகளைத் தேடிக்கொள்ளும். தொழிற்பேட்டையின் சாலையும் மின்சாரமும் என்றால் அம்பத்தூர் உற்பத்தியாளர் சங்கம் அமைச்சரைச் சந்திக்கிறது. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலந்தால் குடியிருப்போர் பசுமைத் தீர்ப்பாயம் போகிறார்கள். மெட்ரோ ரயில் வேண்டும் என்றால் நலச்சங்கங்கள் மனு எழுதுகின்றன. இவர்களெல்லாம் லாபி செய்கிறார்கள், அதைச் செய்ய இவர்களுக்கு முழு உரிமையும் உண்டு. ஆனால் தொழிற்சங்கத்துக்கும் ஆலை முதலாளிக்கும் வாடகைக் குடித்தனக்காரருக்கும் சேர்த்துப் பேசக் கடமைப்பட்டது நகராட்சி மட்டுமே. அதன் குரல்தான் இந்த வரிசையில் மிக மெலிந்தது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 பிப்ரவரி வரை நகர்ப்புறங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. அந்த இடைவெளியில்தான், 2019 ஜூனில், ஆவடி மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. அப்போது ஆவடியின் சட்டமன்ற உறுப்பினர் மாநில அமைச்சர். ஊரின் தகுதியே மாறிய நாளில் ஊரின் மன்றம் உயிரோடு இல்லை. ஊருக்கு வேண்டியவர் அமைச்சரவையில் இருந்தார். நல்லது நடந்திருக்கலாம். ஆனாலும் அமைச்சர் வாய்க்காத பக்கத்து ஊர் என்ன செய்யும்? பூந்தமல்லி, திருவேற்காடு, திருநின்றவூர் நகராட்சிகளை ஆவடியோடு இணைக்கும் யோசனை எழுந்தபோதும் திட்டம் மேலிருந்துதான் வந்தது. நகராட்சிகள் அதற்குக் கருத்துச் சொல்லும் இடத்தில் இருந்தன.

இதற்குச் சட்டமன்ற உறுப்பினர் போதாதா என்று கேட்கலாம். வலுவான கேள்வி; மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான். ஆனால் தொகுதியின் எல்லையும் நகராட்சியின் எல்லையும் ஒன்றாக அமைவது அரிது. அதைவிட முக்கியமானது நலன்களின் மோதல். வரி விதிக்கும் அதிகாரம், ஆணையர் நியமனம், மாநில நிதிப் பங்கு ஆகியவற்றில் கோட்டையும் நகராட்சியும் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள். ஆளும் கட்சி உறுப்பினர் தன் அரசுக்கு எதிராக நகராட்சியின் வழக்கைப் பேச மாட்டார். எதிர்க்கட்சி உறுப்பினர் பேசினால் அது கட்சிப் பேச்சாகவே கேட்கப்படும். இதைத் தமிழ்நாட்டு அரசைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. டெல்லியில் தமிழ்நாட்டுக்கு 39 மக்களவை உறுப்பினர்கள் இருக்கிறார்கள், மாநிலங்களவையில் 18 பேர் இருக்கிறார்கள். இருந்தும் டெல்லிக்கென்று ஒரு சிறப்புப் பிரதிநிதியை இரு கழக ஆட்சிகளும் நியமித்து வந்திருக்கின்றன. 2021-இல் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஏ.கே.எஸ். விஜயன். உறுப்பினர்கள் மக்களைப் பிரதிநிதிப்படுத்துகிறார்கள், மாநிலத்துக்குத் தனியாக ஓர் ஆள் வேண்டும் என்பதுதான் இதன் தர்க்கம். இந்தத் தர்க்கம் சென்னையிலிருந்து டெல்லிக்குப் பொருந்துமானால், ஆவடியிலிருந்து சென்னைக்கு ஏன் பொருந்தாது?

மேலவை தோற்ற தலைவர்களின் புகலிடம், உள்ளாட்சித் தொகுதிகளில் பணம் புரளும் என்பது இரண்டாவது மறுப்பு. 75 பேரில் 25 பேரை இன்றும் உள்ளாட்சிகள் அனுப்பும் கர்நாடகத்தைப் பார்ப்பவர்கள் இதை எளிதில் தள்ளிவிட மாட்டார்கள். நானும் தள்ளவில்லை. மேலவைக்கு வரும் உறுப்பினர் கட்சிக் கொறடாவுக்குக் கட்டுப்பட்டவராகிவிட்டால் நகராட்சியின் தூதர் என்ற குணமே போய்விடும். ஆனால் இது அந்தப் பழைய வடிவத்தின் மீதான குற்றச்சாட்டு. நகரத்துக்கு ஓர் இடம் வேண்டும் என்ற தேவையை அது தொடவில்லை. வேறு வடிவம் அரசியல் சாசனத்திலேயே கிடக்கிறது. 74-ஆம் திருத்தம் கொண்டுவந்த 243-இசட்.இ. பிரிவின்படி பெருநகரத் திட்டக் குழுவில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினர் அந்தப் பகுதியின் உள்ளாட்சிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். அப்படி ஒரு குழு முழு அதிகாரத்தோடு இயங்கினால் ஆவடி மேயரும் பூந்தமல்லித் தலைவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து நிலப்பயன்பாட்டையும் போக்குவரத்தையும் பற்றித் துறைச் செயலர்களிடம் கேட்க முடியும். திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1993-இல். சென்னையில் திட்டமிடும் கை இன்றும் அமைச்சரைத் தலைவராகக் கொண்ட சி.எம்.டி.ஏ.வினுடையதே.

அப்படியானால் ஆவடி மாநகராட்சியும் ஒரு லாபி முகவரை அமர்த்தட்டும் என்று சொல்லலாமா? டெக்சாஸ் எதிர்ப்பாளர்களின் வாதத்தில் எனக்கு ஓரளவு உடன்பாடு உண்டு. குப்பை அள்ள ஒதுக்கிய பணத்தில் கோட்டையில் ஆள் வைப்பது கசக்கும். பணக்கார நகரம் நல்ல முகவரைப் பிடிக்கும், ஏழை நகரம் பின்தங்கும். இந்தியாவில் லாபியைப் பதிவுசெய்யக் கட்டாயப்படுத்தும் பொதுச் சட்டமும் இல்லை. எனவே முகவரை அமர்த்தச் சொல்வது இருட்டில் இன்னொரு கையை நீட்டச் சொல்வதாகும். ஆனால் அமெரிக்க ஏற்பாட்டில் நாம் கடன் வாங்கத் தக்க ஒன்று உண்டு: வெளிப்படைத்தன்மை. 1995-இன் லாபி வெளிப்படுத்தல் சட்டப்படி வாஷிங்டனில் யார் யாருக்காக எவ்வளவு கூலிக்குப் பேசினார் என்பது பதிவாகிறது. நம்மூரில் கூலி இல்லை, பதிவும் இல்லை. நகராட்சித் தலைவர் அமைச்சரைப் பார்த்துப் பொன்னாடை போர்த்திய படம் மட்டும் நாளிதழில் வரும். அவர் கேட்டது என்ன, கிடைத்தது என்ன என்பது வராது. கவர்னருக்கு வரவேற்புப் பத்திரம் வாசித்த காலம் இதைவிட ஒருபடி மேல் என்று சொல்ல வேண்டியிருப்பது வேடிக்கையல்ல.

ஆகவே செய்ய வேண்டியவை பெரிய புரட்சிகள் அல்ல. மாநிலத்திடம் நகராட்சி வைக்கும் ஒவ்வொரு கோரிக்கையும் மன்றத் தீர்மானமாக வரட்டும். அதற்குத் துறை இத்தனை நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும் என்று விதி இருக்கட்டும். இரண்டும் பொதுவில் வெளியாகட்டும். எல்லை மாற்றம், இணைப்பு, தரம் உயர்த்தல் போன்றவை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலத்தில் நடக்கக்கூடாது. பெருநகரத் திட்டக் குழு சாசனம் சொன்னபடி இயங்கட்டும். இவற்றுக்குப் புதிய மேலவை வேண்டாம், கூலி முகவரும் வேண்டாம். 1892-இல் அந்நிய அரசு தயங்கித் தயங்கித் திறந்த கதவை, மக்கள் தேர்ந்தெடுத்த அரசுகள் மூடியே வைத்திருப்பதற்கு நியாயம் இல்லை. மாநில சுயாட்சியை உயிர்க்கொள்கையாகப் பேசும் மண்ணில், டெல்லியிடம் கேட்கும் மரியாதையைத் தன் நகரங்களுக்குத் தருவது கோட்டையின் கடமை.