வினிகரில் தெரிந்த வெள்ளைத் திட்டு

ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் ஹின்செல்மன் 1925இல் கால்போஸ்கோப்பை உருவாக்கினார். கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி அது. அதோடு அவர் சேர்த்துக்கொண்ட பொருள் மிக மலிவானது: நீர்த்த அசெட்டிக் அமிலம், அதாவது வினிகரின் புளிப்பு. தடவிய சற்று நேரத்தில், இயல்பு மாறிய செல்கள் வெள்ளைத் திட்டாகத் தெரியும். அவை புற்றாக முற்றப் பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆகும்.

ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் யூதப் பெண்களிடம் வெட்டியெடுத்த திசுக்கள் ஆய்வுக்குப் போனதும் இதே ஹின்செல்மனிடம்தான். அவர் பெயரைச் சொல்லும்போது இதையும் சொல்லியாக வேண்டும்.

இயல்பு மாறிய செல்களைக் கண்டறிய நியூயார்க்கில் ஜார்ஜ் பாப்பனிகோலாவ் வளர்த்தெடுத்த பாப் சோதனை 1940களுக்குப் பின் பரவியது. ஆனால் அதற்கு ஆய்வகம் வேண்டும். செல்களைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். முடிவு கேட்க மறுபடி வர வேண்டும். கூலியை விட்டுவிட்டு இரண்டாம் முறை எத்தனை பேர் வருவார்கள்?

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் தொடங்கிய ஆய்வு பழைய வினிகருக்கே திரும்பியது. ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கையிலுள்ள மருத்துவமனை அதன் மையம். 30 முதல் 59 வயதுவரையுள்ள 31,343 பெண்களைப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் சோதித்தார்கள். லென்ஸ்கூட இல்லை, வெறும் கண்ணும் நல்ல விளக்கும்தான். திட்டு தெரிந்தால் கால்போஸ்கோப்பில் பார்த்து, தேவைப்பட்டவர்களுக்கு அப்போதே உறையவைக்கும் சிகிச்சையும் தரப்பட்டது.

2007இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. சோதனை நடக்காத ஊர்களோடு ஒப்பிட, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும் அதனால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. அதிகப் பலன் கிடைத்தது முப்பதுகளில் இருந்த பெண்களுக்கு.